கரும்பு பூக்கும் நேரம்... கோவைக்கு வாங்க!

கரும்பு பூத்தால் விவசாயிக்கு முகம் வாடும். பூத்த கரும்பு அதற்கு மேல் வளராது. வெட்டு தள்ளிப்போனால் தண்டுக்குள் நெட்டி விழும், எடை குறையும். ஆனால், கரும்பு எப்போது பூக்கும் என்று ஆண்டுதோறும் வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கும் ஓரிடம் இருக்கிறது. கோயம்புத்தூரில், வீரகேரளம் போகும் சாலையில் இருக்கும் மத்திய அரசின் கரும்பு இனப்பெருக்க நிறுவனம்தான் அது. அக்டோபர் பிறந்துவிட்டால் அங்கே திருவிழாதான்! நாடெங்கும் உள்ள இருபதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி நிலையங்களின் கண்ணெல்லாம் அந்தத் தோட்டத்தின் மேல் இருக்கும். பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மகாராஷ்டிரத்திலும் நாளை நடப்போகும் கரும்புக்கு இங்கேதான் கரு உருவாகிறது.

வாங்க, உள்ளே போய்ப் பார்க்கலாம். கொஞ்சம் சீக்கிரமாகவே கிளம்ப வேண்டும். கரும்புப் பூ மலர்வது விடியற்காலையில்!

அப்பா யார், அம்மா யார்?

தேசியக் கலப்பினத் தோட்டம் என்று பெயர். எட்ட நின்று பார்த்தால் சாதாரணக் கரும்புக் காடு. கிட்டே போனால் வரிசைக்கு வரிசை பெயர்ப்பலகை. நூற்றுக்கணக்கான பெற்றோர் ரகங்கள் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. தடித்தது, ஒல்லியானது, பச்சை, மஞ்சள், கருஞ்சிவப்பு, கோடு போட்டது என்று எத்தனை விதம்! தோகைகளுக்கு மேலே வெள்ளியும் இளஞ்சிவப்பும் கலந்த பூங்கதிர்கள் காற்றில் ஆடுகின்றன.

ஒரு கதிரை மெதுவாக வளைத்து, கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒரு கதிரில் ஆயிரக்கணக்கான குட்டிப் பூக்கள். இரண்டிரண்டாக, ஒன்று காம்போடும் ஒன்று காம்பில்லாமலும். ஒவ்வொன்றைச் சுற்றியும் பட்டு மயிர். நடுவிலிருந்து கருஞ்சிவப்பில் இரண்டு சூல்முடிகள் எட்டிப் பார்க்கின்றன. பக்கத்தில் மகரந்தப் பைகள் தொங்குகின்றன. இத்தனையும் சில மில்லிமீட்டருக்குள்! கதிர் ஒரே நாளில் பூத்து முடிவதில்லை. நுனியில் தொடங்கிக் கீழ்நோக்கி, ஒரு வாரத்துக்கும் மேலாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூத்துக்கொண்டே வரும்.

ஒரே பூவில் ஆண் உறுப்பும் இருக்கிறது, பெண் உறுப்பும் இருக்கிறது. அப்படியானால் எந்த ரகம் அப்பா, எது அம்மா? இதைக் கண்டுபிடிக்கும் வழி அத்தனை அழகு! மகரந்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தட்டி, ஒரு சொட்டு அயோடின் விட்டு, நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். மாவுச்சத்து நிறைந்த மணிகள் கருநீலமாக மாறும். சத்தில்லாதவை வெளிறியே கிடக்கும். கருநீல மணிகள் நிறைய இருந்தால் அந்த ரகம் அப்பா. வெளிறியவை நிறைய இருந்தால் அம்மா. முடிந்தது தீர்ப்பு!

அம்மா கதிருக்குத் துணிக்கூண்டு மாட்டுகிறார்கள். லாந்தர் என்றே அதற்குப் பெயர். வேறு எந்த மகரந்தமும் காற்றோடு வந்து ஒட்டிவிடாமல் காக்கும் வேலி அது. காலையில் அப்பா கதிரைக் கொண்டுவந்து, அம்மா கதிருக்கு மேலே வைத்துத் தட்டுகிறார்கள். மகரந்தம் உதிர்ந்து சூல்முடியில் படிகிறது. கரும்பு மகரந்தத்தின் ஆயுள் மிகவும் குறைவு. அரைமணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் பயனில்லை. அதனால்தான் விடியற்காலையில் அந்தத் தோட்டத்தில் அத்தனை பரபரப்பு. கதிர் பூக்கும் அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் அந்த ஜோடி சேர அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஏன் கோவை?

உத்தரப் பிரதேசத்தில் இல்லாத கரும்பா? பிறகு எதற்கு எல்லோரும் கோவைக்கு வரவேண்டும்? கரும்பு பூக்க வேண்டுமென்றால் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருந்து, பகல் மெல்லக் குறைந்துகொண்டே வரவேண்டும். இரவும் அதிகம் குளிரக் கூடாது. காற்றில் ஈரம் வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கே, பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உட்கார்ந்திருக்கும் கோவைக்கு இதெல்லாம் வாய்த்திருக்கிறது. வட இந்தியாவில் கரும்பு பூக்கத் தயாராகும்போது குளிர் வந்துவிடும். பூ வந்தாலும் மகரந்தம் உருப்படாது, விதை பிடிக்காது. நாட்டின் மிகப் பெரிய கரும்புப் பரப்பு வடக்கே இருக்கிறது. அதற்குத் தாய்வீடு தெற்கே கோவையில் இருக்கிறது!

இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் ஓர் அரசியல் விவாதமும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாவிலிருந்து வெள்ளைச் சர்க்கரை இந்தியாவுக்குள் வந்து குவிந்தது. நம் கரும்பு ஒல்லி, விளைச்சல் சொற்பம், போட்டி போட முடியவில்லை. 1911-இல் மதன் மோகன் மாளவியா, இறக்குமதிச் சர்க்கரைக்கு வரியைக் கூட்டவேண்டும் என்று அன்றைய மத்திய சட்டசபையில் குரல் கொடுத்தார். வரி போட்டால் மட்டும் போதுமா, நம் கரும்பு தேறவேண்டாமா என்ற கேள்விக்கு விடையாக 1912-இல் கோவையில் இந்த நிலையம் பிறந்தது. சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பர் என்ற தாவரவியல் அறிஞர் பொறுப்பேற்றார். வட இந்தியாவின் ஒல்லிக் கரும்பினத்துக்குத் தாவரவியலில் 'சாக்காரம் பார்பரி' என்று இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நாணலுக்குள் இருந்த ரகசியம்

இப்போது வரலாற்றின் மிக ருசியான பக்கம். பார்பரோடு சேர்ந்தவர் டி.எஸ். வெங்கட்ராமன். 'வெள்ளை' என்று அழைக்கப்பட்ட தடித்த, இனிப்பான தென்னாட்டுக் கரும்பை அம்மாவாக எடுத்துக்கொண்டார்கள். அப்பாவாக எதைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? ஆற்றங்கரையிலும் வரப்பிலும் தானாக முளைத்துக் கிடக்கும் நாணலை! சில ஊர்களில் பேய்க்கரும்பு என்பார்கள். சாறும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. ஆனால், வறட்சி, வெள்ளம், நோய், குளிர் எதற்கும் அசையாத முரட்டு உயிர்.

பட்டினத்தார் கையிலிருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்பது நம் நம்பிக்கை. கோவையில் பேய்க்கரும்பு வயலில் இனித்தது! அந்தக் கலப்பில் பிறந்த 'கோ 205' ரகத்தை 1918-இல் பஞ்சாப் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அங்கே காலங்காலமாக நட்டுவந்த 'கத்தா' ரகத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விளைந்தது. அதற்குப் பிறகு அந்த வயல்களில் கத்தாவுக்கு இடமில்லாமல் போனது.

இதற்குள் இருக்கும் கணக்கு இன்னும் வியப்பு. வெள்ளைக் கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள். கோவை நாணலில் 64. பெற்றோர் இருவரும் ஆளுக்குப் பாதி கொடுத்தால் 40-ம் 32-ம் சேர்ந்து 72 வரவேண்டும், இல்லையா? ஆனால் வந்தது 112! அம்மா தன்னிடம் இருந்த 80-ஐயும் அப்படியே பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். அப்பா மட்டும்தான் பாதி கொடுத்தார். இனிப்பு குறையாமல் நாணலின் உரம் ஏறியதற்கு இந்தத் தாராளம் ஒரு பெரிய காரணம். இன்று நாம் பயிரிடும் ஆலைக் கரும்பு ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு நாணலின் ரத்தம் ஓடுகிறது.

வெங்கட்ராமன் பின்னாளில் 'சர்' பட்டம் பெற்றார். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவர் காலத்தில் கோவை ரகங்கள் வட இந்தியாவை நிறைத்தன. 1932-இல் அரசு சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டது. நாட்டில் முப்பதைச் சுற்றி இருந்த ஆலைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்குள் 130-ஐத் தாண்டியது. வயலில் புது ரகம் தயாராக நின்றதால்தான் சட்டம் காகிதத்தோடு போகவில்லை. சட்டம் வந்ததால்தான் புது ரகத்துக்கு ஆலை கிடைத்தது. கொள்கையும் அறிவியலும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

1934-இல் இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தார் ஜானகி அம்மாள். தலச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். கரும்போடு மக்காச்சோளம், கரும்போடு மூங்கில் என்று யாரும் நினைத்துப் பார்க்காத ஜோடிகளின் பிள்ளைகளை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். இதெல்லாம் நடந்தது கோவையில், 1930-களில்! பிறகு இங்கிலாந்து போய், 1945-இல் விஞ்ஞானி சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்டவணையை நூலாக வெளியிட்டார். 1977-இல் பத்மஸ்ரீ.

பஞ்சுக்குள் புதையல்

தோட்டத்துக்குத் திரும்புவோம். மகரந்தம் தட்டி நான்கு வாரம் ஆனதும் கதிர் முற்றும். லாந்தரோடு கழற்றி எடுத்து, உலர்த்தி, உருவினால் கை நிறைய இலவம்பஞ்சு போல ஒன்று சேரும். 'ஃபிளஃப்' என்பார்கள். அதற்குள் விரலை விட்டுத் தடவினால் ஒன்றும் அகப்படாது. விதையின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டரைச் சுற்றித்தான்! பஞ்சையும் விதையையும் பிரிப்பதே இல்லை. அப்படியே மணலும் மண்ணும் தொழுவுரமும் கலந்த தட்டில் பரப்பித் தண்ணீர் தெளிக்கிறார்கள். சில நாட்களில் புல் முளைத்ததுபோலப் பச்சை தெரியும். விதைக்காத பஞ்சைக் கடுங்குளிர்ப் பெட்டியில் வைக்கிறார்கள். வெளியே கிடந்தால் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும்.

நம் ஊரில் கரும்பு நடுவது கரணை வைத்து. கரணையில் வளரும் கரும்பு, தாய்க் கரும்பின் அச்சு, துளியும் மாறாது. விதையில் அப்படி இல்லை. ஒரே கதிரிலிருந்து வந்த ஆயிரம் நாற்றும் ஆயிரம் தினுசு. ஒன்று தடிக்கும், ஒன்று சாயும், ஒன்று தூர் கட்டும், ஒன்று நாணலாகவே திரும்பிவிடும். இவற்றில் ஏதோ ஒன்றுக்குள் அடுத்த முப்பது ஆண்டுக் கரும்பு ஒளிந்திருக்கலாம். அதைத் தேடுவதுதான் வேலை!

தேடும் கருவி கைக்குள் அடங்குகிறது. தண்டில் துளையிட்டு ஒரு சொட்டுச் சாறு எடுத்து, கைக் குழலின் கண்ணாடி முகத்தில் விட்டு, மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிக்கிறார்கள். உள்ளே நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பிரிக்ஸ் அளவு. 20-ஐத் தொட்டால் புருவம் உயரும். மறு சாகுபடியில் தேற வேண்டும். வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பில் தேற வேண்டும். நாட்டின் பல மண்டலங்களில் நடத்தும் வயல் சோதனைகளில் தேற வேண்டும். பல்லாயிரம் நாற்றில் ஒன்றோ இரண்டோதான் இறுதிவரை வரும். பூவில் தொடங்கி விவசாயி கைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 12 ஆண்டுகள்!

தமிழ்நாட்டு விவசாயிகள் பெயர் சொன்னதுமே தலையாட்டும் 'கோ 86032' இப்படி வந்ததுதான். கோ என்றால் கோயம்புத்தூர். 86 என்றால் 1986-இல் தேர்ந்தெடுத்தது. தென்னிந்திய மண்டலத்துக்கு அதை வெளியிட்டது 2000-இல். அதன் பெற்றோரில் ஒன்றான 'கோக 671' கடலூர் நிலையம் தேர்ந்தெடுத்த ரகம்.

கடல் கடந்த கதையும் ஒன்று சொல்லியாக வேண்டும். கோ 421, கோ 312 இரண்டையும் கோவையில் கலந்து, அந்தப் பஞ்சைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே முளைக்கவைத்துத் தேர்ந்தெடுத்த ரகத்துக்கு 'என்கோ 310' என்று பெயரிட்டார்கள். நேட்டாலுக்கு 'என்', கோவைக்கு 'கோ'. 1945-இல் வெளிவந்த அந்தக் கரும்பு தென்னாப்பிரிக்க வயல்களைப் பிடித்தது. தைவான்வரை போய்க் கொடி நாட்டியது. ஒரு பொட்டலம் பஞ்சு, இரண்டு தேசத்துச் சர்க்கரை!

பிளந்து பார்க்கும் நாள்

மகிழ்ச்சி மட்டும்தானா உள்ளே? இல்லை. நோயியல் பிரிவுக்கு வாங்க. இங்கே நல்ல கரும்புக்கு வேண்டுமென்றே நோயை ஏற்றுகிறார்கள். தண்டில் துளை போட்டு, செவ்வழுகல் நோய்ப் பூசணத்தின் வித்துகள் கலந்த நீரைச் சொட்டுவிட்டு அடைத்துவிடுகிறார்கள். 60 நாள் கழித்து வெட்டி, நெடுக்காகப் பிளக்கிறார்கள். நோய்க்கு மசிந்த ரகம் என்றால் உள்ளே செக்கச்செவேலென்று இருக்கும். சிவப்புக்கு நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகள். குப்பென்று புளித்த சாராய நெடி. தாங்கிய ரகம் என்றால் துளை போட்ட இடத்தோடு சிவப்பு நின்றிருக்கும். 0 முதல் 9 வரை மதிப்பெண். எவ்வளவு இனித்தாலும் இந்தத் தேர்வில் தோற்றால் வீடு திரும்ப வேண்டியதுதான்.

இந்தத் தேர்வு ஏன் இத்தனை முக்கியம் என்பதை 'கோ 0238' சொல்லும். கோவையில் கலந்த விதை, ஹரியானாவில் இருக்கும் கர்னால் நிலையத்தில் பக்‌ஷி ராம் என்ற விஞ்ஞானி தேர்ந்தெடுத்த ரகம், 2009-இல் வெளியீடு. உத்தரப் பிரதேசத்தில் 9 சதவீதத்தைச் சுற்றி இருந்த சர்க்கரைக் கட்டுமானம், அதாவது கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் அளவு, 11 சதவீதத்தைத் தாண்டியதில் இந்த ரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நூறு டன் கரும்பில் இரண்டு டன் சர்க்கரை கூடுதல். அதே வயல், அதே தண்ணீர், அதே வெட்டுக்கூலி! அந்த மாநிலக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இதையே நட்டார்கள். பக்‌ஷி ராமுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் ஒரே ரகம் மாநிலம் முழுவதும் நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். அது புது வடிவம் எடுத்தது. செவ்வழுகல் பரவி வயல் வயலாகக் காய்ந்தது. இன்று அந்த மாநில அரசே அந்த ரகத்தைக் கைவிடச் சொல்லி, கோ 0118, கோ 15023 போன்ற மாற்று ரகங்களை நடச் சொல்கிறது. மாற்று ரகம் கைவசம் இருந்தது எப்படி? கோ 0238 கொடிகட்டிப் பறந்த நாளிலும் கோவைத் தோட்டத்தில் லாந்தர் மாட்டுவதை யாரும் நிறுத்தவில்லை. அதுதான் காரணம்.

கண்ணூரில் இந்த நிறுவனத்துக்கு இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது. கரும்பும் அதன் காட்டு உறவுகளுமாக 3,000-க்கும் மேற்பட்ட வகைகளைப் பெரிய நோய்கள் அண்டாத அந்தக் கடலோரத்தில் உயிரோடு வளர்த்து வருகிறார்கள். உலகில் இப்படிப்பட்ட சர்வதேசச் சேகரிப்புகள் இரண்டுதான். மற்றொன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில்.

வரப்பில் நிற்பவருக்கு என்ன?

கையடக்கமான ஒரு மண் ஈரங்காட்டியும் இங்கே உருவானது. இரண்டு கம்பியை மண்ணில் குத்தினால் விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் தாராளம்; பச்சை என்றால் போதும்; ஆரஞ்சு என்றால் குறைகிறது; சிவப்பு என்றால் உடனே பாய்ச்சு! எழுத்துக்கூட்டிப் படிக்கத் தேவையில்லை. தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவிக்கும் விவசாயிக்கு ஒரு பாசனத்தை மிச்சப்படுத்தினாலும் அது காசுதானே.

காசு என்றதும் விலைக்கு வருவோம். வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் கணக்குப் பார்த்துப் பரிந்துரைக்க, மத்திய அரசு ஆண்டுதோறும் கரும்புக்கு எஃப்.ஆர்.பி. எனப்படும் நியாயமான, ஆதாயமான விலையை அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். ஆனால் அது 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கான விலை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3 ரூபாய் 46 பைசா கூடும். விடியற்காலையில் ஏணி மேல் நின்று ஒருவர் மகரந்தம் தட்டியது, பல ஆண்டு கழித்து விவசாயியின் பட்டுவாடா ரசீதில் ரூபாயும் பைசாவுமாக வந்து நிற்கிறது. அரசு ஆராய்ச்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்த ரசீதைக் காட்டலாம்!

கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று அதியமானின் முன்னோரைப் புறநானூற்றில் ஔவையார் போற்றினார். அந்தப் பெருமையை நம் காலத்தில் தொடர்வது மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் ஓர் ஆராய்ச்சித் தோட்டம். ஒரு பூவுக்கு 12 ஆண்டு காத்திருக்க எந்த வியாபாரியாலும் முடியாது. கரணையை வெட்டி அடுத்த வயலுக்குக் கொடுத்துவிட்டால் விதை விற்றுச் சம்பாதிக்கவும் வழியில்லை. எனவே கரும்பைத் தேற்றும் பொறுப்பு அரசின் பொறுப்பு; நேற்றும் அப்படி, இன்றும் அப்படி.

அதனால் இரண்டு வேண்டுகோள். ஆள்வோருக்கு: இந்தத் தோட்டத்துக்கான நிதியும் ஆட்களும் ஒரு பருவம்கூடக் குறையக் கூடாது, ஒரு பூக்காலம் போனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு வரவேண்டிய ரகம் வராது. விவசாயிகளுக்கு: எவ்வளவு நல்ல ரகமானாலும் தோட்டம் முழுக்க ஒன்றையே நடாதீர்கள், பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டு, இரண்டு மூன்று ரகமாகப் பிரித்து நடுங்கள், நோயில்லாத கரணையாகப் பார்த்து வாங்குங்கள்.